அப்பாவுக்குக் ‘கரன்ட்’ வைத்தார்கள். நான் புற்றுநோய் மருத்துவராக எந்த வழியில் போவது?

கேள்வி:

தர்மபுரி மாவட்டத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் இடம் கிடைத்து, இப்போது சிஆர்ஆர்ஐ எனும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சியின் கடைசி மாதங்களில் இருக்கிறார். லாரி ஓட்டிய அப்பாவுக்குப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் பழக்கம். இவர் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் என்று தெரிந்தது. ‘35 நாள் கரன்ட் வைக்க வேண்டும்’ என்றார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. 19 நாளோடு அப்பா ‘இனி நம்மால் ஆகாது’ என்று பஸ் ஏறிவிட்டார். எட்டு மாதத்தில் இறந்துபோனார். அன்று முதல் புற்றுநோய் மருத்துவராக வேண்டும் என்பதே இவருடைய ஒரே எண்ணம்.

வழி எது என்பதில்தான் குழப்பம். பொது மருத்துவத்தில் எம்டி (முதுநிலை), அதன் பிறகு டிஎம் (உயர் சிறப்புப் படிப்பு) என்று போனால் வயது முப்பதைத் தாண்டிவிடும் என்று அம்மா கவலைப்படுகிறார். ரேடியோதெரபி, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைத் துறை என்றால், ‘ரேங்க் இல்லாதவர்கள் கடைசியில் எடுப்பது’ என்கிறார்கள் சீனியர்கள். பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில், ‘கதிர்வீச்சில் வேலை பார்த்தால் குழந்தை தங்காது’ என்று சொல்லியிருக்கிறார்கள். மாமாவோ, ஒன்றரை ஏக்கரை விற்றுத் தனியார் கல்லூரியில் சீட் வாங்கிவிடலாம், தெரிந்த ஏஜென்ட் இருக்கிறார் என்கிறார். ‘அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் சாந்தா போன்றவர்கள் பெரிய படிப்பாளிக் குடும்பத்தில் பிறந்தவர்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவள் நான்தான். ஆனால், அப்பாவின் நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதனால் எனக்கு இது சரியாக வரும்தானே?’ என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் ‘19 நாளோடு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முதலில் அதைப் பேசிவிடுவோம். நீங்கள் எந்தத் துறைக்குப் போகலாம் என்பதற்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு நாளைக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரத்துக்கு 5 நாள். 19 நாள் என்றால் 38 கிரே, நான்காவது வாரத்தின் கடைசி. கதிர்வீச்சு மருத்துவர் யாரிடமும் இந்தக் கணக்கைச் சொன்னால் அவருக்கு அந்த வாய் கண்முன் வந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உட்தோல் சிவக்கும். நான்காவது வாரத்தில் வெள்ளைப் படலம் படிந்து புண்ணாகும். எச்சில் கெட்டியாகி நூல் நூலாக இழுக்கும், துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. ரசம் சாதம் நெருப்பாக எரியும், ருசி போய்விடும், எடை மளமளவென்று இறங்கும். கட்டி சற்றுச் சுருங்கியது போலவும் தெரியும் என்பதால், ‘போதும், குறைந்துவிட்டது’ என்ற எண்ணமும் அப்போதே வருகிறது. நடுவில் நிறுத்துகிறவர்களில் நிறையப் பேர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான்.

இதைத் தாங்க வைப்பது ஒரு தனி வேலை. ஆடும் பற்களை ஆரம்பத்திலேயே எடுத்து, ஈறு ஆற இரண்டு வாரம் விட்டு, பிறகு கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து இரண்டு மணிக்கொரு தரம் கொப்பளிக்க வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் மரத்துப்போகும் ஜெல், வலிக்குத் தயங்காமல் மார்ஃபின். வாரம் ஒரு முறை எடை பார்த்து, பத்தில் ஒரு பங்கு இறங்குவதற்குள் மூக்கு வழியாக உணவுக் குழாயைப் போட்டுவிட வேண்டும். ‘டியூப் போட்டால் கடைசிக் கட்டம்’ என்று வீட்டார் பயப்படுவார்கள். ஐந்து வாரத்தில் எடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். தங்க இடம் இருக்கிறதா, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் மருத்துவர்தான். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால், கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. அதனால் இவை எல்லாமே சிகிச்சைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கன்னத்துக் கட்டிக்குப் பொதுவாக முதல் சிகிச்சை அறுவை. நேராக 35 நாள் கதிர்வீச்சு என்று சொன்னார்கள் என்றால், அறுவைக்கு எட்டாத அளவுக்கு நோய் பரவியிருந்திருக்க வாய்ப்பு அதிகம். 35 நாளும் முடித்திருந்தால் அப்பா இன்று இருந்திருப்பார் என்று நீங்கள் பத்து வருடமாக மனதில் போட்டுவைத்திருக்கும் கணக்குக்கு உறுதி கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் அவரை அந்த பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கவும் முடியாது.

பக்கத்தில் இருந்து பார்த்தது போதுமா?

அது உங்களுக்கு ஒன்றைத் தந்திருக்கிறது. நோயாளி ‘முடியல’ என்றால் அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். ஆனால், அதே அனுபவம் இரண்டு இடத்தில் இடறிவிடும். முதலாவது, 45 வயது லாரி டிரைவர் வரும்போதெல்லாம் அவர் உங்களுக்கு அப்பாவாகிவிடுவார். மருந்து இனிக் கேட்காது என்று ஸ்கேன் சொல்லும்; உங்கள் கை இன்னொரு சுற்று கீமோ எழுதும். வலி இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டிய கடைசி மாதத்தை அவர் வார்டில் வாந்தியோடு கழிப்பார். இரண்டாவது, உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு எழாது. இவை இரண்டும் நல்ல மனசுள்ள இளம் மருத்துவர்களுக்கே அதிகம் நேர்கின்றன. சிஆர்ஆர்ஐ முடிவதற்குள் உங்கள் கல்லூரி மனநலத் துறையில் நம்பிக்கையான ஒருவரிடம் அப்பாவின் மரணத்தைப் பற்றி இரண்டு, மூன்று முறை பேசிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

குடும்பப் பின்னணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாக்டர் சாந்தா சி.வி. ராமன், சந்திரசேகர் ஆகியோரின் உறவு என்பது உண்மை. ஆனால், அவர் வந்த வழியைப் பாருங்கள். 1949-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ், பிறகு மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் டிஜிஓ பட்டயம், 1955-இல் எம்டி. அரசு மகளிர் மருத்துவமனை வேலை கையில் இருக்கும்போது, 12 படுக்கைகளோடு ஆரம்பித்து ஒரு வருடமே ஆகியிருந்த அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போனார். புற்றுநோயியலில் டிஎம், எம்சிஎச் (அறுவைத் துறையின் உயர் சிறப்புப் படிப்பு) எல்லாம் அன்று இல்லவே இல்லை. அவை அந்த நிலையத்திலேயே 1984-இல்தான் தொடங்கின.

அந்த நிலையத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பின்னணி உங்களுக்கு இன்னும் நெருக்கம். அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது, மகாராஜா அனுமதித்தார். 1912-இல் மருத்துவரானார். 1923-இல் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். மருத்துவமனை திறந்தது 1954-இல், இடையில் 31 ஆண்டுகள். அவரும் உங்களைப் போல வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்தான். நீங்கள் 24 வயதிலேயே தாமதமாகிவிட்டது என்று பதறுகிறீர்கள்.

மூன்று துறை, மூன்று விதமான நாள்

புற்றுநோய் மருத்துவர் என்று வெளியில் ஒரே பெயராகச் சொல்கிறோம். உள்ளே வந்தால் மூன்று தனித்தனி வேலைகள். நோயைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தினமும் எந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முப்பது வருடம் செய்யப்போவது அதைத்தான்.

மருந்துவழிப் புற்றுநோயியல், அதாவது மெடிக்கல் ஆன்காலஜி. எம்டி மூன்று ஆண்டு, டிஎம் மூன்று ஆண்டு. இந்த மருத்துவரின் காலை ரத்தப் பரிசோதனைத் தாளில் தொடங்கும். 155 சென்டிமீட்டர் உயரம், 50 கிலோ எடை என்றால் உடல் பரப்பு 1.47 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் சிஸ்ப்ளாட்டின் என்ற கீமோ மருந்து என்றால் 59 மில்லிகிராம். போன வாரத்தை விட எடை இறங்கியிருக்கிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் பழைய கணக்கையே எழுதினால் சிறுநீரகம் போய்விடும். ரத்த நாளத்தில் போட வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் போனால் கிட்டத்தட்ட உயிர்தான் போகும். கீமோ போட்ட பத்தாவது நாள் 101 டிகிரி காய்ச்சலோடு ஒருவர் வந்து, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். எண்ணில் கவனம், மருந்தில் ஆழ்ந்த படிப்பு, நோயாளியோடு வருடக்கணக்கில் உறவு: இந்த மூன்றும் பிடித்தவர்களுக்கு உரிய துறை.

அறுவைவழி, சர்ஜிக்கல் ஆன்காலஜி. எம்எஸ் மூன்று, எம்சிஎச் மூன்று. தாடை எலும்போடு கட்டியை எடுத்து, கழுத்து நெறிக்கட்டிகளை நீக்கி, காலிலிருந்து எலும்பும் தோலும் எடுத்து முகத்தில் பொருத்தும் அறுவை எட்டு, பத்து மணி நேரம் போகும். அன்றிரவு ஒட்டுத்தோல் நீலமாகிறதா, வெளுக்கிறதா என்று மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்ப்பது இளநிலை மருத்துவரின் வேலை. எம்சிஎச் சேரப் பொது அறுவை மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். காது மூக்கு தொண்டை, எலும்பியல், மகப்பேறு முடித்தவர்களும் சேரலாம். மகளிர் புற்றுநோய்க்குத் தனி எம்சிஎச்சும் இருக்கிறது.

கதிர்வீச்சு, ரேடியேஷன் ஆன்காலஜி. எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு மூன்றே ஆண்டு எம்டி. நீங்கள் தவறாகப் புரிந்துவைத்திருப்பது இங்கேதான்: டிஎம் இல்லாமல் முழுமையான புற்றுநோய் மருத்துவர் ஆக முடியாது என்பது சரியல்ல. இந்த எம்டியே சிறப்புப் பட்டம். பாடத்திட்டத்தில் கீமோவும் இருக்கிறது; பல அரசு மருத்துவமனைகளில் கதிர்வீச்சுத் துறைதான் கீமோவும் கொடுக்கிறது. பிறகு படிக்க ஆசை வந்தால் இந்த எம்டியை வைத்தே டிஎம் மெடிக்கல் ஆன்காலஜிக்கும் விண்ணப்பிக்கலாம்.

‘கடைசியில் எடுப்பது’ என்ற பேச்சு

கவுன்சலிங்கில் ரேடியோடயக்னோசிஸ், பொது மருத்துவம், தோல் மருத்துவம் எல்லாம் முன்னால் தீர்ந்துவிடும். ரேடியோதெரபி பின்வரிசை ரேங்க் வரை இருக்கும். இது உண்மை. (ரேடியாலஜியையும் ரேடியோதெரபியையும் ஒன்றென்று எண்ணிச் சாய்ஸ் பூர்த்தி செய்து மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். முன்னது ஸ்கேன் படிப்பது, பின்னது சிகிச்சை.) ஏன் பின்னால் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்வீச்சு இயந்திரத்தைச் சொந்த கிளினிக்கில் வாங்கி வைக்க முடியாது. ஆயுள் முழுக்கப் பெரிய மருத்துவமனையைச் சார்ந்தே வேலை. சொந்த ஊரில் போர்டு மாட்டிப் பிராக்டிஸ் செய்ய நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஆனால், மார்க்கெட்டில் பின்னால் நிற்பதும் மருத்துவத்தில் தாழ்ந்து நிற்பதும் ஒன்று என்று சொல்கிறவர்கள், அந்தத் துறையின் ஒரு நாளைக்கூடப் பார்க்காதவர்கள்.

ஒரு தொண்டைப் புற்றுநோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை 70 டிகிரி சுடுநீரில் போட்டால் சில நிமிடத்தில் துவண்டுவிடும். அதை அவர் முகத்தின் மேல் இழுத்து விரித்து, மூக்கு, தாடை, நெற்றி மேடுகளில் விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். ஆறியதும் அவர் முக அச்சில் இறுகி நிற்கும். இனி 35 நாளும் அந்த மாஸ்க்குக்குள் அசையாமல் படுக்க வேண்டும். அதோடு எடுத்த சிடி ஸ்கேன் மண்டையடியிலிருந்து காறை எலும்பு வரை நூற்றுக்குப் பக்கமான துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டிலும் கட்டி இது, நெறிக்கட்டி இது, எச்சில் சுரப்பி இது, தண்டுவடம் இது என்று கோடு போட வேண்டும். கட்டிக்கு 70 கிரே போக வேண்டும். அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் தண்டுவடம் 45-ஐத் தாண்டாமல் பார்க்க வேண்டும். எச்சில் சுரப்பிக்குச் சராசரி 26-க்குள் நிறுத்தினால்தான் அவர் பின்னாளில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் சோறு விழுங்க முடியும். கோட்டை அரை சென்டிமீட்டர் உள்ளே போட்டால் நோய் திரும்பும். வெளியே போட்டால் வாய் உலரும். ஒருவருக்குக் கோடு போட இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். எடை இறங்கி மாஸ்க் தளர்ந்துவிட்டால் மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு.

பிளஸ் டூவில் இயற்பியல்தான் உங்களுக்குப் பிடித்த பாடம் என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எம்டி முதல் ஆண்டில் கதிர் இயற்பியலும் கதிர் உயிரியலும் படிக்க வேண்டும். இந்தத் துறைக்கு வந்தவர்கள் திணறுவது பெரும்பாலும் அதில்தான். நீங்கள் திணறமாட்டீர்கள்.

கதிர்வீச்சும் குழந்தைப்பேறும்

மாப்பிள்ளை வீட்டாரின் பயம் இயல்பானது. எண்களை வைத்தே பேசுங்கள். வெளிக்கதிர் சிகிச்சையின்போது மருத்துவர் அறைக்குள் இருப்பதே இல்லை. தடித்த கான்கிரீட் சுவருக்கு இப்பால் கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்; கதவு திறந்தால் கதிர் தானாக நின்றுவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உள்ளே வைத்துத் தரும் கதிர் சிகிச்சையில் வெறும் குழாயைத்தான் கையால் பொருத்துகிறோம். எல்லாரும் வெளியே வந்த பிறகு, கதிர் உமிழும் இரிடியம் கம்பி நுனியில் இயந்திரத்தின் வழியாகப் போய்த் திரும்பும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரின் அலகு); எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சராசரி மனிதர் மேல் படுவதே ஆண்டுக்கு 2.4 அளவில் இருக்கிறது. ஒழுங்காக நடக்கும் துறையில் மருத்துவரின் அளவு உச்சவரம்பை எட்டுவதே இல்லை. நெஞ்சில் குத்தும், கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதித்து அளவை எழுத்தில் தருவார்கள். கரு தரித்தது தெரிந்ததும் துறையின் கதிர் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு பிரசவம் வரை கருவின் மேல் 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி பணியை மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. மலடாக்கும் அளவு என்பது இவற்றை விடப் பல மடங்கு மேலே இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். கதிருக்குப் பயப்படுகிறவர்கள், பாதுகாப்புப் பெட்டி இல்லாத இடத்தில் சாதாரணக் கையுறையோடு கீமோ மருந்து கலக்குவதைப் பற்றிக் கேட்பதே இல்லை. கருவுற்ற நாளில் உண்மையாக விலகி நிற்க வேண்டியது அதிலிருந்துதான். மாப்பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் ஒரு நாள் துறைக்கு அழைத்துச் சென்று, பாதுகாப்பு அலுவலரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ‘அந்தப் படிப்பு வேண்டாம்’ என்றால், அவர்கள் தயங்குவது கதிருக்காக இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நிலம், ஏஜென்ட், பாண்டு

நிலத்தை விற்காதீர்கள். பட்டமேற்படிப்பு இடம் எதுவானாலும் (தனித் தேர்வு நடத்தும் எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவை தவிர), தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் உட்பட, நீட் பிஜி என்ற முதுநிலை நுழைவுத் தேர்வின் ரேங்க்கை வைத்து அதிகாரபூர்வக் கவுன்சலிங் வழியாகத்தான் நிரப்ப முடியும். ஏஜென்ட் கையில் சீட் கிடையாது. முன்பணம் கேட்கிறார் என்றால் அந்தப் பணம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமா உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். அவருக்கு இந்த விதி தெரிந்திருக்காது, பொறுமையாகச் சொல்லுங்கள்.

7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அதோடு வந்த கட்டணச் சலுகையும் இளநிலைப் படிப்போடு முடிந்தன, பிஜிக்குக் கிடையாது. மாநில ஒதுக்கீட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசிக்கு 27 சதவீதம் உண்டு. ஆனால், அதற்கு மத்திய அரசு வடிவில் தனிச் சான்றிதழ் வேண்டும். உங்களிடம் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடி, தேதி தவறி, இடம் இழப்பவர்கள் உண்டு. உங்கள் பிரிவுக்கு அது பொருந்துமானால் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். சிஆர்ஆர்ஐ முடியும் தேதி, நீட் பிஜி அறிவிப்பில் கொடுக்கும் கடைசித் தேதிக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். விடுப்பு எடுத்துப் பயிற்சி நீண்டிருந்தால் ஓரிரு நாளில் ஓர் ஆண்டு போய்விடும்.

பாண்டு, அதாவது படிப்புக்குப் பின் அரசுப் பணி செய்வதாக எழுதித் தரும் ஒப்பந்தம் என்றால் கடிதத்தில் அடிமைச் சாசனம் போலப் பேசியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் சம்பளத்தோடு வேலை பார்க்க வேண்டும், தவறினால் பணம் கட்ட வேண்டும், அதுவரை அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கும். காலமும் தொகையும் மாறிக்கொண்டே இருப்பதால் நீங்கள் சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பாண்டு என்பது முதல் வேலை. பயப்பட வேண்டியது, வேறு மாநிலத்தில் சேர்ந்து அங்கேயும் பாண்டில் சிக்கும்போதுதான்.

வயதைக் கூட்டிப் பார்ப்போம். முதல் முயற்சியிலேயே ரேடியோதெரபி கிடைத்தால் 27, 28-இல் நீங்கள் சிறப்பு மருத்துவர். எம்டி, டிஎம் என்றால் 31 என்பது ஒரு வருடமும் வீணாகாதவர்களுக்கு. டிஎம் சேர எழுதும் நீட் எஸ்எஸ் தேர்வுத் தயாரிப்பும் பாண்டும் சேர்ந்தால் 33 வரை போகும். இரண்டிலும் படிக்கும் காலம் முழுக்க மாத உதவித்தொகை வரும் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் மனதில் இருப்பது, இன்னும் ஆறு வருடம் மகளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்ற பழைய கணக்காக இருக்கலாம்.

ரேங்க் வராவிட்டால், தொடர்ந்து இரண்டு, மூன்று ஆண்டு வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் படிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். ஒரு முயற்சி முழுமூச்சாக. அதில் வராவிட்டால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி மருத்துவர் தேர்வை எழுதுங்கள். அதில் உள்ள தமிழ்த் தகுதித் தாள் உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களிலும் அரசுக் கல்லூரி உயர் சிறப்பு இடங்களிலும் 50 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எத்தனை ஆண்டுப் பணி வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். சுற்றுப்பாதைதான், ஆனால் சம்பளத்தோடு போகும் பாதை.

அந்த ஆண்டுகள் வீணாகாது என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை, தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சை. 2007-இல் வெளியான முடிவின்படி கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன. கதிர்வீச்சு இயந்திரம் எதுவும் அதில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, புகையிலை அடக்கும் ஒவ்வொருவரிடமும் ‘வாயைத் திறங்க’ என்று சொல்லி டார்ச் அடித்து, வெள்ளைத் திட்டையும் ஆறாத புண்ணையும் தேடும் எம்பிபிஎஸ் மருத்துவரும் புற்றுநோய் மருத்துவர்தான். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை பயாப்ஸிக்கு அனுப்பிவிட வேண்டும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதி மூன்று மாதம் ஓட்டக் கூடாது. உங்கள் அப்பா வந்த நிலையில் யாரும் வராமல் தடுக்கும் இடம் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது

என் கருத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரேடியேஷன் ஆன்காலஜி உங்களுக்குப் பொருந்தும். இயற்பியல் பிடிக்கிறது, குடும்பச் சுமை சீக்கிரம் குறைய வேண்டும், 35 நாள் ஒரு மனிதரைத் தாங்கிப் பிடித்துக் கரைசேர்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால், என் சொல்லை நம்பிச் சாய்ஸ் போடாதீர்கள். பயிற்சியில் விருப்பப் பணிக்கென்று ஒதுக்கிய வாரங்கள் மீதி இருந்தால் ரேடியோதெரபி துறையைக் கேளுங்கள். உங்கள் கல்லூரியில் அந்தத் துறை இல்லையென்றால், உங்கள் டீனிடம் கடிதம் வாங்கிப் பக்கத்து மாவட்ட அரசுக் கல்லூரிக்குப் போக முயலுங்கள். காலையில் மாஸ்க் செய்யும் அறையில் நில்லுங்கள், மதியம் கோடு போடுபவரின் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

வாராந்திர ஓபி எந்தக் கிழமை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று ஏழு மணிக்கே போய்விடுங்கள். எடை மெஷின் பக்கத்தில் நின்று, நான்காவது வாரத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பார்த்து, நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.